பாய்மரப் படகுப் பந்தயத்தில் ‘புரொடெஸ்ட்’ என்று குரல் கொடுப்பது நாகரிகக் குறைவா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் 13 வயது மகன் ஒரு கிளப்பில் ஆப்டிமிஸ்ட் என்ற, சிறுவர்களுக்கான ஒற்றையாள் பாய்மரப் படகை ஓட்டுகிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில், காற்றை வலப்பக்கத்தில் வாங்கிக்கொண்டு அவன் போய்க்கொண்டிருந்தபோது, காற்றை இடப்பக்கத்தில் வாங்கிக் குறுக்கே வந்த இன்னொரு பையனின் படகு அவன் படகில் உரசியது. அந்தப் பையன் தண்டனைச் சுற்று போடாமல் போய்விட்டான். உங்கள் மகன் ‘புரொடெஸ்ட்’, அதாவது ‘முறையிடுகிறேன்’, என்று குரல் கொடுத்தான். கரையேறியதும் படிவம் எழுதிக் கொடுத்தான். விசாரணை முடிவில் மற்றப் பையனின் படகு தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அன்று முதல் கிளப்பில் சிலர் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் போய்ப் புகார் எழுதுவார்களா’ என்று ஒரு தாயார் உங்கள் மனைவியிடம் கேட்டிருக்கிறார். மகனுக்கு விளையாட்டு நாகரிகத்தைக் கற்றுக்கொடுக்கத் தவறிவிட்டோமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ‘கூட விளையாடுகிறவனைக் காட்டிக் கொடுக்காதே’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடமும் இந்த விளையாட்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் வங்கக் கடலோரத்தில் ஒரு கிளப்பில் 22 ஆண்டுகளாகப் படகு ஓட்டுகிறேன். அதில் பாதிக் காலத்துக்கு மேல் விசாரணைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். சர்வதேச நடுவர் பட்டம் என்னிடம் இல்லை. கிளப் பந்தயங்களும் சில மாநிலப் பந்தயங்களும்தான் என் அனுபவம். உங்கள் மகனின் சம்பவத்தை நான் பார்க்கவில்லை, ஒரு தரப்பை மட்டுமே கேட்டிருக்கிறேன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். உங்கள் மகன் முறையிட்டதில் நாகரிகக் குறைவு எதுவும் இல்லை. கபடியிலும் கால்பந்திலும் விசில் ஊத ஒருவர் களத்துக்குள்ளேயே நிற்கிறார். கிளப் அளவிலான பாய்மரப் படகுப் பந்தயத்தில் அப்படி யாரும் இல்லை. போட்டி அதிகாரிகளின் படகு தொடக்கக் கோட்டருகில் நங்கூரமிட்டு நிற்கும். கோட்டை முன்கூட்டியே தாண்டியவர் யார், கடைசியில் எந்த வரிசையில் வந்தார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, மேல்காற்றுப் பக்கத்து மிதவையைச் சுற்றும்போது இரண்டு படகுகளுக்கு நடுவே நடந்ததை அங்கிருந்து பார்க்க முடியாது. ஒலிம்பிக்கின் பதக்கப் பந்தயங்களில் நடுவர்கள் படகில் பின்தொடர்வது உண்டு. பெரிய போட்டிகளில், உடலை ஆட்டியும் பாயை இழுத்து இழுத்து விட்டும் படகைத் தள்ளுகிறவர்களைப் பிடிக்க மஞ்சள் கொடியோடு சுற்றுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கிளப் பந்தயத்தில் இதெல்லாம் கிடையாது.

ஆகவே இந்த விளையாட்டின் விதிப் புத்தகம் எண்ணிட்ட விதிகளைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு அடிப்படைக் கொள்கையை எழுதி வைத்திருக்கிறது. இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் புத்தகம் அது; இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கான பதிப்பு. அந்தக் கொள்கையின் சாரம் இது: போட்டியாளர்கள் விதிகளைப் பின்பற்றவும் வேண்டும், நிலைநாட்டவும் வேண்டும், விதியை மீறிய படகு, அந்த மீறல் பொறுக்கப்படாத நிலையில், உடனே உரிய தண்டனையைத் தானே ஏற்கவேண்டும், தேவையானால் பந்தயத்திலிருந்து விலகவேண்டும். ‘நிலைநாட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவர்கள் கையில்தான் தரப்பட்டிருக்கிறது. மோதலைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு போகிறவன் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நமக்குத் தோன்றலாம். ஆனால் அவர்கள் இருவருக்கும் பின்னால், விதியை மதித்து வேறு ஒரு படகுக்கு வழிவிட்டு இரண்டு இடங்களை இழந்து வந்துகொண்டிருக்கும் மூன்றாவது பிள்ளைக்கு அந்தப் பெருந்தன்மையில் பங்கு இல்லை.

தவறு செய்தவருக்கு விதி வைத்திருக்கும் வழி மிகவும் எளிது. மற்றப் படகுகளை விட்டு உடனே விலகி, ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று போடவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் படகின் முன்புறம் ஒரு முறையும் பின்புறம் ஒரு முறையும் காற்றைக் கடந்து திரும்பவேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று போதும். ஆப்டிமிஸ்ட்டில் பழகிய பையனுக்கு இரண்டு சுற்றும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்தது. அதே சம்பவத்துக்காக மீண்டும் அவனைத் தண்டிக்க முடியாது. மோதலில் யாருக்காவது அடிபட்டாலோ, படகுக்குப் பெரிய சேதம் ஏற்பட்டாலோ, தவறினால் பெரிய ஆதாயம் கிடைத்துவிட்டாலோ மட்டும் சுற்று போதாது, விலகியே ஆகவேண்டும். கடலில் உணராத தவறைக் கரைக்கு வந்த பிறகு ஒருவர் உணர்ந்தால், அப்போதும் ‘நான் விலகிக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்கலாம். எங்கள் கிளப்பில் ஒரு சிறுமி, கோப்பை கைக்கு வரும் நேரத்தில், தான் மிதவையைத் தொட்டது பற்றி வேறு யாரும் வாய் திறக்காதபோது, அப்படி எழுதிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை வாங்கியவன் நான்தான். அன்று அவள் தாத்தா அவளுக்குக் கைகொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நம்மிடையே வரும் மனத்தாங்கலில் பாதி, நாம் பயன்படுத்தும் சொற்களால் வருகிறது என்பது என் எண்ணம். ‘புகார்’ என்றால் நமக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. ‘தகுதி நீக்கம்’ என்றால் தேர்தல் வழக்கு நினைவுக்கு வருகிறது. கடலில் குரல் கொடுப்பதை நான் முறையீடு என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்; யாருடைய முறை என்று கேட்பதுதானே அது. தகுதி நீக்கம் என்பதும் காதில் ஒலிப்பதைவிடச் சிறிய விஷயம். அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும், தொடரில் பதிவுசெய்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி அந்தப் படகுக்குக் கிடைக்கும். குறைந்த புள்ளி எடுத்தவரே வெல்லும் ஆட்டம் என்பதால் அது பாதகம்தான். ஆனால் தானாக விலகிக்கொண்டிருந்தாலும் அதே புள்ளிதான் கிடைத்திருக்கும். தொடரில் ஆக மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடும் வழக்கம் இருப்பதால், அந்தப் பையனின் கணக்கிலிருந்து இது மறைந்துபோகவும் கூடும். அடுத்த பந்தயத்தில் அவன் எல்லாரையும் போலத் தொடக்கக் கோட்டில் நிற்பான்.

விதிப் புத்தகம் உண்மையிலேயே இழுக்கு என்று கருதுவது வேறு. விதி 2 நேர்மையோடு ஓட்டுவதைப் பற்றியது. தெரிந்தே தவறு செய்து, தெரிந்தே தண்டனையைத் தவிர்ப்பவர் இந்த விதிக்குள் வருவார். அதன்கீழ் தரப்படும் தகுதி நீக்கத்தைத் தொடரிலிருந்து கழிக்க முடியாது. கடைசிவரை கணக்கில் நிற்கும். சாதாரண வழிவிடும் தவறுக்குத் தரப்படுவதைக் கழிக்கலாம். தவறுக்கும் நேர்மையின்மைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், உங்கள் கிளப்பின் குழு வழிவிடும் விதியின்கீழ்தான் முடிவு செய்திருக்கிறது. யாரும் அந்தப் பையனை நேர்மையற்றவன் என்று சொல்லவில்லை. அவனுடைய பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனி உங்கள் மகனின் சம்பவம். இங்கே நிச்சயம் குறைகிறது. விதி 10 தெளிவானது: இடப்பக்கக் காற்றில் வருபவர் வலப்பக்கக் காற்றில் வருபவருக்கு வழிவிடவேண்டும். வழி உரிமை உள்ளவரும் முடிந்தவரை மோதலைத் தவிர்க்கவேண்டும் என்கிறது விதி 14. ஆனால் எதிராளி வழிவிடப்போவதில்லை என்பது தெளிவாகும்வரை அவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. சேதமோ காயமோ இல்லாத உரசலுக்கு அவர் தண்டிக்கப்படுவதும் இல்லை. இவ்வளவும் உறுதி. உங்கள் மகன் அப்போதுதான் திரும்பி வலப்பக்கக் காற்றுக்கு வந்தானா, நேராக ஓடிக்கொண்டிருந்தானா, கடைசி நொடியில் திசையை மாற்றினானா, பக்கத்தில் மிதவை இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து முடிவு மாறக்கூடும். குழு இவற்றைக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். ‘ஸ்டார்போர்டு (வலப்பக்கக் காற்று) என்று அவன் கத்தவே இல்லையே’ என்று மற்றப் பையன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கத்தவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் கத்துவது நல்ல வழக்கம், மகனுக்கு அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

காரணம் சொல்கிறேன். இடப்பக்கக் காற்றில் போகும்போது பாய் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். பையன் இடப்பக்க விளிம்பில் உட்கார்ந்திருப்பான். வழி உரிமை உள்ள படகு வருவதோ வலப்பக்கத்திலிருந்து. அதாவது, அவன் முக்கியமாகப் பார்க்கவேண்டிய திசையை அவன் பாயே மறைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டரை மீட்டர்கூட நீளமில்லாத ஆப்டிமிஸ்ட்டில் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் சிறுவன், குனிந்து பாயின் அடியில் பார்த்தால்தான் வருகிற படகு தெரியும். அலை கொஞ்சம் உயர்ந்தால் குனிந்தாலும் தெரியாது. ஆகவே அந்தப் பையன் வேண்டுமென்றே உரசியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. சுற்று போடாமல் போனதும், ‘நான் தாண்டிவிட்டேன், அவன்தான் வந்து இடித்தான்’ என்று மனப்பூர்வமாக நம்பியதால் இருக்கலாம். விசாரணைக்கு வரும் பிள்ளைகளில் பொய் சொல்பவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஒரே மோதலை இரண்டு விதமாக மெய்யாகவே பார்த்திருப்பார்கள். குழு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

அந்தக் குழுவின் குறையையும் சொல்லவேண்டும். விசாரணையில் இரு தரப்பும் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். மேசைமீது சின்னப் பொம்மைப் படகுகளை நகர்த்திக் காட்டுவார்கள். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நடந்தது என்ன என்று குழு முதலில் எழுதும். அதற்குப் பின்தான் எந்த விதி என்று பார்க்கும். ஒழுங்கான முறைதான். ஆனால் நன்றாகப் பேசுகிறவனுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த குழு, ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசிய ஒரு பையனை நம்பி, மீனவர் குப்பத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையனைத் தகுதி நீக்கம் செய்தது. அவன் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சில வாரம் கழித்து, அன்று அந்தப் பக்கம் படகில் இருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்துதான் நாங்கள் தவறாக முடிவு செய்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன் அதற்குள் கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வீடு தேடிப் போய்ப் பேசினேன். அவன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு, நான் உட்காரும் குழுவில் எந்தப் பிள்ளையும் தமிழில் பேசலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் தமிழ் தெரியாதவர் இருந்தால் நானே மொழிபெயர்க்கிறேன். பேச்சு திணறினால் பொம்மைப் படகுகளை முதலில் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கைகள் வாயைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். கடலில் குரல் கொடுப்பதற்கும் ஆங்கிலம்தான் வேண்டும் என்பதில்லை. தொடர்புள்ள எல்லாப் படகுகளுக்கும் புரியும் என்று எதிர்பார்க்கக்கூடிய மொழி எதுவானாலும் சரி, ஆங்கிலம் எப்போதும் ஏற்கப்படும் என்று புத்தகத்தின் முன்பகுதியிலேயே இருக்கிறது. நடைமுறையில் ‘புரொடெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை எல்லாரும் பழகிக்கொள்வதே பாதுகாப்பு. சம்பவம் நடந்த உடனே அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால், பிற்பாடு எவ்வளவு நியாயம் இருந்தாலும் முறையீடு செல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆறு மீட்டருக்குக் குறைவான படகுகளுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை என்பதால், ஆப்டிமிஸ்ட்டில் குரல் மட்டுமே சான்று. உங்கள் மகன் இந்த இடத்தில் சரியாக நடந்திருக்கிறான்.

குரல் எப்படி இருந்தது என்பதுதான் நான் உங்களிடம் கேட்க விரும்பும் ஒரே கேள்வி. ‘புரொடெஸ்ட்’ என்று ஒரு முறை, படகின் எண்ணைச் சேர்த்து, தெளிவாகச் சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடர்வது நாகரிகம். அதோடு வசைச் சொல் ஒன்று சேர்ந்தால், அந்த நொடியில் நியாயம் கைமாறுகிறது. தவறான நடத்தையைப் பற்றிய விதி 69, நல்ல பண்பாட்டை மீறுவதையும் விளையாட்டு நேர்மையை மீறுவதையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. பண்பாட்டுக் குறைவு என்பதை ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம் வெளிப்படையாகக் குற்றமாக எழுதியிருப்பதை நான் பெருமையாகவே கருதுகிறேன். அது பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. 2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில், அப்போதே மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி, தன் அருகே அலை கிளப்பிய ஊடகப் படகின் மீது கோபம் கொண்டார். கடலில் குதித்துப் போய் அந்தப் படகில் ஏறி, அதில் இருந்தவர்களோடு மோதினார். ஃபின் என்ற ஒற்றையாள் படகு வகுப்பில் முன்னிலையில் இருந்தவர் அவர். கடுமையான ஒழுக்க மீறல் என்று நடுவர் குழு முடிவு செய்ய, உலகப் பட்டம் கைநழுவியது. அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு லண்டனில் நான்காவது தங்கமும் வென்றார்.

பெற்றோருக்கும் இந்த விதிகள் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போட்டியாளரின் தாய், தந்தை, காப்பாளர் எல்லாரும் ‘ஆதரவு நபர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். படகுத்துறையில் நின்று இன்னொரு பிள்ளையைத் திட்டும் தந்தையின்மீது குழு நடவடிக்கை எடுக்கலாம். அவர் நடத்தையால் படகுக்கு ஆதாயம் கிடைத்திருந்தாலோ, எச்சரித்த பிறகும் அவர் அதையே தொடர்ந்தாலோ, அவருடைய பிள்ளையின் படகே தண்டனை வாங்கலாம். உங்கள் விஷயத்தில் பிள்ளைகள் இருவரும் முறைப்படிதான் நடந்திருக்கிறார்கள். ஒருவன் முறையிட்டான், மற்றவன் வந்து பதில் சொன்னான், முடிவை ஏற்றுக்கொண்டான். முறை தவறியது கரையில்தான். நேரில், எழுத்தில், இரு தரப்பும் இருக்கும்போது சொல்வதை நாம் காட்டிக் கொடுத்தல் என்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் முதுகுக்குப் பின்னால் பேசுவதை இயல்பு என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

எல்லா முறையீடும் நல்ல முறையீடு என்று நான் சொல்லமாட்டேன். இங்கே விதி சொல்வது குறைவு. என் கருத்து அதிகம். எதிராளியைக் களைப்படையச் செய்வதற்கென்றே பந்தயத்துக்குப் பந்தயம் படிவம் நிரப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தன் கதை பொய் என்று தெரிந்து ஒருவர் அதைச் செய்தால் அதுவே நேர்மையின்மை. தெரியாமல் செய்தால் அவருக்கு விதி வகுப்பு தேவை. புதிதாக வந்த பிள்ளை தவறு செய்தால், முதலில் ‘நீ சுற்று போடவேண்டும்’ என்று சொல்லிப் பார்ப்பதே எங்கள் கிளப் வழக்கம். சொன்ன உடனே பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள். ஆனால் ‘புரொடெஸ்ட்’ என்ற சொல்லை அதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும், காத்திருந்தால் காலம் தவறிவிடும். வலப்பக்கக் காற்றின் உரிமை நமக்கே இருந்தும், குறுக்கே வரும் படகு நூலிழையில் சிக்கப்போகிறது என்று தெரிந்தால், ‘போ, போ’ என்று கைகாட்டி அதை முன்னால் விட்டுவிட்டு, நாம் சற்றே விலகி அதன் பின்புறமாகப் போவதும் உண்டு. அதில் நமக்கும் நன்மை இருக்கிறது. அவன் கட்டாயத்தில் நம் முகத்துக்கு எதிரே திரும்பினால் நமக்கு வரும் காற்றைக் கெடுத்துவிடுவான். நயமும் கணக்கும் ஒன்றாகப் போகும் இடம் இது. கடலில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு.

கடினமாக ஆடுவதையும் நேர்மையின்மையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், லேசர் என்ற இன்னொரு ஒற்றையாள் படகு வகுப்பில் பிரேசிலின் ராபர்ட் ஷைட் தங்கம் வென்றார். இளம் ஐன்ஸ்லி வெள்ளி. நான்கு ஆண்டு கழித்து சிட்னியின் கடைசிப் பந்தயத்தில், ஐன்ஸ்லி தான் முன்னேறுவதை விட்டுவிட்டு ஷைட்டை விடாமல் மறித்துப் பின்னுக்கு இழுத்தார். தங்கம் அவருக்குப் போனது. அது அழகா என்று படகுக்காரர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விதியை மீறாமல், தொடரில் தன் இடத்தைக் காப்பதற்காகச் செய்தால் அதற்கு அனுமதி உண்டு. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெல்ல வாய்ப்பே இல்லாத ஒருவர், நண்பன் வெல்லட்டும் என்று மூன்றாமவரை மறித்தால் அதை ஒப்பமாட்டேன். பந்தயத்தை முடித்துவிட்டவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களின் காற்றில் குறுக்கே போவதும் அப்படித்தான். கடைசியில் வரும் பிள்ளைக்கும் அது பந்தயம்தான்.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி ஒன்று உண்டு. அது வழி உரிமைக்கும் மேலே, புத்தகத்தில் முதல் எண்ணில் இருக்கிறது: ஆபத்தில் இருக்கும் எவருக்கும், எந்தப் படகுக்கும், இயன்ற எல்லா உதவியும் செய்யவேண்டும். 1988 செப்டம்பர் 24 அன்று, சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த பூசான் கடலில் காற்றின் வேகம் மணிக்கு 35 கடல் மைல் வரை ஏறியது. ஃபின் வகுப்பில் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, பக்கத்துத் தடத்தில் கவிழ்ந்துபோன சிங்கப்பூர் படகையும் அதில் இருந்த ஜோசப் சான், சியூ ஷா ஹெர் இருவரையும் பார்த்தார். தன் பந்தயத்தை விட்டுவிட்டு அவர்களிடம் போனார், தன் படகில் ஏற்றிக்கொண்டார், மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பிறகு ஓட்டத்தைத் தொடர்ந்து 22ஆவதாக முடித்தார். நடுவர் குழு அந்தப் பந்தயத்துக்கு அவருக்கு இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தது. ஒலிம்பிக் குழு, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்தின் பெயரிலான பதக்கத்தையும் கொடுத்தது.

இதைச் சொல்லும்போது இடத்தைத் திருப்பிக் கொடுத்த பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்வது வழக்கம். உதவப் போனதால் இழந்த இடத்துக்கு நிவாரணம் கேட்கும் உரிமை விதியிலேயே இருக்கிறது. ஒலிம்பிக்குக்கு மட்டும் இல்லை, உங்கள் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கும் உண்டு. நின்றால் புள்ளி போய்விடுமோ என்று ஒரு பிள்ளை அரை நொடிகூடத் தயங்கக் கூடாது. நம் கரையில் இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதும் இல்லை. மதியக் கடற்காற்று திடீரென்று வலுத்து எங்கள் பிள்ளைகளின் படகுகள் கவிழ்ந்த ஒரு நாளில், வலையை இழுத்துக்கொண்டிருந்த ஃபைபர் படகுக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டு வந்து மூன்று பேரைத் தூக்கினார்கள். அதனால் நான் மனம் கசந்து பார்க்கும் நடத்தை ஒன்று உண்டு. ‘பாய் விரித்த படகுக்கு எல்லாரும் வழிவிடவேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு, மீன்பிடிக்கும் படகின் வலைமேல் பந்தயத்தை ஓட்டுவது. பந்தயத்தில் இல்லாத படகைச் சந்திக்கும்போது கடலின் பொதுவான மோதல் தடுப்பு விதிகள்தான் நடப்பு. அவற்றின்படி, வலை வீசித் தொழில் செய்துகொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் விலகிப் போகவேண்டும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முறையீட்டைத் திரும்பப் பெறுவது போலவோ வருத்தம் தெரிவிப்பது போலவோ எதுவும் செய்யாதீர்கள். செய்தால், சரியாக நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மகன் கற்றுக்கொள்வான். வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் எழுதாதீர்கள். விசாரணைக் குழு உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசாதீர்கள். அடுத்த ஞாயிறு மகன் அந்தப் பையனின் படகைத் தண்ணீருக்கு இறக்க ஒரு கை கொடுக்கட்டும். 35 கிலோ எடையுள்ள படகை ஒரு சிறுவன் தனியாகத் தூக்க முடியாது, யாராவது பிடித்தே ஆகவேண்டும். பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தப் பையனுக்கு இன்னும் வலிக்கலாம், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

கிளப் நிர்வாகத்திடம் ஒரு யோசனையை மட்டும் வைக்கலாம். பந்தய அறிவிப்பில் சேர்த்துக்கொண்டால், முழு விசாரணைக்கு முன் ஒரே ஒருவர் இரு தரப்பையும் சில நிமிடங்கள் கேட்டுத் தன் கருத்தைச் சொல்லும் சமரச முறை ஒன்று விதிப் புத்தகத்தின் இணைப்பில் இருக்கிறது. தவறை அங்கேயே ஒப்புக்கொள்பவருக்குத் தகுதி நீக்கத்துக்குப் பதிலாக 30 சதவீதப் புள்ளித் தண்டனை. பிள்ளைகளின் பந்தயங்களில் இது நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தோற்றவன் அழுதுகொண்டு வெளியே வருவது குறைகிறது.

கடைசியாக ஒன்று. விசாரணைக் குழு எழுதிய முடிவின் நகலைக் கேட்டுப் பாருங்கள். அதில் ‘கண்டறிந்த உண்மைகள்’ என்று நான்கைந்து வரிகள் இருக்கும்: காற்று எவ்வளவு, எந்தப் படகு எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரத்தில் யார் என்ன செய்தார் என்று. அதை வாங்கி மகனோடு உட்கார்ந்து படியுங்கள். அந்தத் தாயார் மறுபடி கேட்டால், விவாதிக்காமல் அந்தத் தாளை அவரிடமும் கொடுங்கள். அவர் பையனைப் பற்றி அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருக்காது.